பின்கட்டுல மட்டும் வராது

பெரிய பிளானுக்கு மாறுனா பின்கட்டு வரைக்கும் நெட்டு வந்துரும்னு ஒங்க ஆபீஸ்ல பேசுன பொண்ணுதான் சொல்லுச்சாம்ண்ணே. அதைக் கேட்டுட்டுத்தான் அவுக சிங்கப்பூர்ல இருந்துக்கிட்டே மாத்துனாக. ஆமா, ஒங்க ரசீதுல வெற்றிசெல்வன்னு போட்டிருக்குல்ல, அவுகதான், எங்க வீட்டுக்காரவுக. இது ரெண்டாவது தடவை. போன தடவை மாத்துனப்பவும் இதேதான். கூடத்துல பறக்குது, இங்க அடுப்படிக்கு வந்தா வட்டம் சுத்திக்கிட்டே நிக்குது.

பாத்து வாங்க, நெலை தாழ்வு, இடிச்சுக்குவீங்க. இங்கிட்டு இந்த ஸ்டூல்ல உக்காருங்க. கூடத்துல ரூட்டர்ல செவப்பு லைட்டு எரியுதே, அது பச்சையாக இன்னும் நேரமாகுமா? புதுசா என்னமோ ஏறுதாக்கும். ஏறட்டும், ஏறட்டும். அது வரைக்கும் கேமரா ஓடாதுல்லண்ணே? இல்ல, சும்மா கேட்டேன்.

நீங்க சொல்லுறது புரியுதுண்ணே. நானும் புதுக்கோட்டையில கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவதான். ஒயரைச் சொருகிப் பாத்தீங்க, முழு ஸ்பீடும் வருது. லைன்ல ஒரு கொறையும் இல்ல. வைஃபைதான் இந்தச் சொவத்தைத் தாண்ட மாட்டேங்குது. எங்க மாமனாரு கட்டுன சொவரு, ஆளு படுக்கலாம், அம்புட்டு அகலம். போர்ல எம்புட்டுப் பெரிய மோட்டாரைப் போட்டு என்ன, ஓஸு மடங்கிக் கெடந்தா வயலுக்குத் தண்ணி வருமா? அந்தக் கதைதான். எங்களுக்குப் பழைய பிளானே மிச்சம்ண்ணே. வீட்டுல நானு, அத்தை, பாப்பா. அத்தை வாசல்ல உக்காந்திருக்காகளே, அவுக போனைக் கையாலகூடத் தொட மாட்டாக.

எங்க வீட்டுக்காரவுககிட்ட இதைச் சொல்லலையான்னா, சொல்லலண்ணே.

இருங்க இருங்க, பையில இருக்குற அந்த வைஃபை டப்பாவை வெளியில எடுக்காதீங்க. ஒயரு இழுத்து இங்க ஒண்ணு மாட்டிட்டா பின்கட்டு முழுக்க வந்துரும், அது எனக்குத் தெரியும். மாட்டலாம். கொஞ்சம் பொறுங்க.

அவுக கெட்ட மனுசன் இல்லண்ணே, அதை மொதல்ல சொல்லிர்றேன். குடி கெடையாது, ஒரு நாள் கை நீட்டுனது கெடையாது. கப்பல் பட்டறையில வெல்டிங் வேலை, வெந்து சாகுறாக. பக்கத்துத் தெருவுல ஒரு வீட்டுல செயினைப் பறிச்சுட்டுப் போனானுக, கேள்விப்பட்டிருப்பீங்க. அதுக்கப்புறந்தான் வாசல்ல ஒரு கேமரா போட்டாக. நல்லதுதான். பெறகு கூடத்துல ஒண்ணு, மாடிப்படிகிட்ட ஒண்ணு. ஒரு தடவை எனக்குக் காய்ச்சல், கூடத்துலயே பாயைப் போட்டுப் படுத்துட்டேன். ஒடனே போன் வந்துருச்சு, என்ன இலக்கியா, ஒடம்பு சரியில்லையான்னு. அன்னைக்கு எனக்கு அழுகையே வந்துருச்சுண்ணே, சந்தோசத்துல. கேக்க ஒரு ஆளு இருக்குன்னு.

பெறகு அது வேற மாதிரி ஆயிப்போச்சு. அந்தக் கேமராவுல அவுக பேசுனா நமக்குக் கேக்கும், தெரியும்ல. நாம பாட்டுக்கு வேலை பாத்துக்கிட்டிருப்போம், சொவத்துல இருந்து கொரலு வரும். வாசக்கதவைச் சாத்து. சிலிண்டர் போட வந்தவன்கிட்ட என்ன சிரிப்பு. எதுக்கு இந்நேரத்துல தலைக்கு ஊத்தியிருக்க. பக்கத்து வீட்டு முத்துமாரியம்மாள் அக்கா சாயங்காலம் பூக் கட்டிக்கிட்டே பேசிக்கிட்டிருக்கும். ஒரு நாள் அது இருக்கும்போதே, அந்தம்மாவுக்கு வீடு வாசல் கெடையாதான்னு சொவரு கேட்டுருச்சு. அந்தக்கா எந்திரிச்சுப் போனதுதான், அப்புறம் நம்ம வாசப்படி ஏறல. ரோட்டுல பாத்தாலும் தலையை மட்டும் ஆட்டிட்டுப் போயிருது.

இங்க கீரமங்கலத்துலயே ஒரு ஸ்கூல்ல கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்கக் கூப்புட்டாக. நான் போறேன்னு சொன்னேன். அதுக்குத்தான் மொதத் தடவை பிளானை மாத்துனது. வெளியில எதுக்குப் போற, நல்ல நெட்டுப் போட்டுத் தாரேன், வீட்டுல இருந்தே எதாவது வேலை பாருன்னாக. போட்டுட்டாக. அது வந்ததுல கேமராவுல படம் நல்லாத் தெளிவாத் தெரிஞ்சுச்சு. அதுதான் கண்ட பலன்.

சொன்னா ஒங்களுக்குச் சின்ன விசயமாத் தெரியும். நான்கூட பழகிட்டேன்ண்ணே, மனுசன் எதுக்குத்தான் பழக மாட்டான். பாப்பாவைச் சொல்லணும். அன்புமொழின்னு பேரு, யூகேஜி போகுது. போன வாரம் எதுத்த வீட்டுப் புள்ளைக விளையாடக் கூப்புடுதுக. இது செருப்பைப் போட்டுக்கிட்டு நேரா கேமராவுக்குக் கீழ போயி நிக்குது. அப்பா, நான் போகவான்னு கேக்குது. அவுக அந்நேரம் வேலையில இருக்காக, எங்கிட்டு இருந்து பதில் வரும். அதுபாட்டுக்கு அண்ணாந்து பாத்துக்கிட்டே நிக்குது. நீ போ ஆத்தா, அம்மா சொல்லுறேன்ல, போயி விளையாடுன்னேன். அப்பா இன்னும் சொல்லலம்மாங்குது. அந்தப் புள்ளைக விளையாண்டு முடிச்சு வீட்டுக்கே போயிருச்சுக. இது செருப்பைக் கழட்டி வச்சுட்டு வந்து ஏங்கிட்ட உக்காந்துக்கிச்சு. அழவும் இல்ல.

அன்னைக்கு அதைத் தூக்கிக்கிட்டு நேரா இங்கிட்டுத்தான் வந்தேன். இங்க வந்தா அது வேற புள்ளைண்ணே. தட்டைப் போட்டு ஒடைக்கும், மாவை அள்ளி மூஞ்சியில பூசிக்கும், இருக்குற பாட்டையெல்லாம் கத்திப் பாடும். நான் என்ன செய்வேன்னா, ஒண்ணும் செய்ய மாட்டேன். அந்தா அந்தத் தொவைக்கிற கல்லுல காலை நீட்டி உக்காந்திருப்பேன். ஏன் உக்காந்திருக்கன்னு கேக்க ஆளு இல்ல. அவ்வளவுதான்.

ஒங்ககிட்ட எதுக்கு இதெல்லாம் சொல்லுறேன்னு பாக்குறீங்க. நாலாவது கேமராவும் வாங்கி அனுப்பிட்டாகண்ணே. உள்ள பீரோவுல இருக்கு, இன்னும் பிரிக்கல. இந்தச் சொவத்துக்குத்தான். பின்கட்டுல நெட்டு வந்ததும், வந்த ஆளையே மாட்டச் சொல்லிருன்னு சொல்லியிருக்காக. இந்தத் தடவை பிளானை மாத்துனது அதுக்குத்தான். பிளானை மாத்துனா இங்க வராதுன்னு எனக்குத் தெரியும். இப்படி ஒரு டப்பா இருக்கு, அதை மாட்டுனா வந்துரும்னு அவுகளுக்குத் தெரியாது. நீங்க சொன்னாத்தான் தெரியும்.

பொய் சொல்லச் சொல்லலண்ணே. அந்த டப்பாவைப் பத்திப் பேச்செடுக்க வேணாம்னு சொல்லுறேன். அம்புட்டுத்தான்.

இருங்க, போன் அடிக்குது. கேமரா நின்னா அவுக போனுக்குத் தகவல் போயிரும், அதான். சொல்லுங்க. ஆமா, வந்திருக்காரு. இங்கதான், பக்கத்துலதான் நிக்கிறாரு. அத்தை வாசல்ல இருக்காக. தாரேன், இருங்க. இந்தாங்கண்ணே, ஒங்ககிட்டப் பேசணுமாம்.

பேசிட்டீங்களாண்ணே, போனை இங்கிட்டுக் குடுங்க. ம், சொல்லுங்க. ஆமா, என்கிட்டயும் அதையேதான் சொன்னாரு. இந்தச் சொவத்துக்குள்ள வராதாம். நல்லாப் பாத்துட்டாருங்க, மூலை மூலையா நின்னு பாத்தாரு. ம். ம். சரி, கேட்டுச் சொல்லுறேன், இருங்க.

அண்ணே, போனைப் பொத்திக்கிட்டுத்தான் பேசுறேன், அவுகளுக்குக் கேக்காது. இதுக்கு மேல பெரிய பிளானு எதுவும் இருக்கான்னு கேக்குறாக.

இருக்குல்ல. அப்பப் போட்டுருங்கண்ணே. எம்புட்டுப் பெருசா இருந்தாலும் போட்டுருங்க.