சால்வைக்கு முன் என் பாட்டு

தலைமை ஏற்றிருக்கும் ஷைலா டீச்சர் அவர்களே, கம்பளிக்குள் கதகதப்பாய் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, பூண்டு வயலின் ஈரம் காலில் காயுமுன் பஸ் பிடித்துக் கொடைக்கானல் வந்த பூம்பாறைத் தாய்மார்களே, என் பக்கத்தில் மாலையும் மலர்ச்சியுமாய் வீற்றிருக்கும் தங்கை உபகாரமே, கந்தம்மாளின் வணக்கம்.

வயலில் களையெடுக்கையில் பாடும் களைப்பாட்டைக் காத்த குரல் என்று உபகாரத்துக்குச் சால்வை போர்த்தச் சொன்னார்கள். போர்த்துகிறேன். வயிறு எரிகிறது; எரிய எரியப் போர்த்துகிறேன்.

யார் சிரிக்கிறது? மரியம் பீவியா? சிரிம்மா. உன் மகள் கல்யாணத்தில் என்னை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தது எனக்கு மறக்கவில்லை.

அந்தப் பாட்டை இவளுக்குச் சொல்லிக்கொடுத்த வாய் எது? என் கொழுந்தனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த வருஷம் மூன்றாம் அடியை முழுங்கினாள். இன்றும் முழுங்குகிறாள்.

ஊர்ப் பாட்டுகளைப் பதிந்து சேர்க்கும் இந்த அலுவலகத்துச் செல்வினும் ஃபெமினாவும் ஆளுக்கொரு லேப்டாப்போடு எங்கள் வயலுக்கு வந்தார்கள். அங்கே டவர் கிடையாது. பதிந்ததை லேப்டாப்பிலேயே வைத்திருந்து, இங்கே வந்து சர்வரோடு சேர்ப்பார்கள். மூத்தவள் முதலில் பாடுவது எங்கள் வழக்கம். காலையில் செல்வினிடம் நான் பாடினேன். மதியம் ஃபெமினாவிடம் இவள் பாடினாள். இரண்டுக்கும் 'பூம்பாறை களைப்பாட்டு' என்று ஒரே பெயர் வைத்துவிட்டார்கள். செல்வின் லேப்டாப் பழுதானது, ஃபெமினா முந்திக்கொண்டு இவள் பாட்டைச் சர்வரில் சேர்த்துவிட்டாள்.

நேற்று கேட்டேன்: "ஏலே செல்வின், என் பாட்டு எங்கலே?"

"லேப்டாப் சரியாகி வந்துருச்சு அப்பத்தா, பாட்டு பத்திரமாத்தான் கெடக்கு. ரெண்டுக்கும் ஒரே பேருங்கிறதால, சர்வர்ல சேக்கும்போது ரெண்டுல எதை வைக்கன்னு கேக்கும். கடைசியாப் பதிஞ்சதை வைக்கிறதுதான் ஆபீஸ் வழக்கம்."

"அப்ப என்னோடது?"

"அழிஞ்சிரும்."

முந்திப் பிறந்தது குற்றமா? முந்திப் பாடியது குற்றமா? 'பனி வந்து மூடுமுன்னே பச்சையெல்லாம் காக்கணும்' என்ற அந்த மூன்றாம் அடி என் தொண்டையோடு முடிய வேண்டுமா? நாளை நம் பேத்திமார் கேட்கையில் பாட்டு நொண்டலாமா?

உபகாரம் ஏதோ முணுமுணுக்கிறாள். "ரெண்டையும் வச்சா என்னக்கா?" என்கிறாள். கேட்டீர்களா? இத்தனை வருஷத்தில் இவள் சொன்ன ஒரே நல்ல வார்த்தை.

என்ன செல்வின்? ஒன்றுக்கு வேறு பெயர் போட வேண்டுமா? பிந்திப் பாடியவள் பெயரை மாற்று. 'உபகாரம் பாடியது' என்று போடு. பாட்டின் பெயர் என் குரலுக்கே இருக்கட்டும். வெரசா செய், சபை பார்க்கட்டும்.

சேர்த்துவிட்டானாம். தலையாட்டுகிறான்.

எழுந்து வா, உபகாரம். சால்வை உனக்கு, முதல் குரல் எனக்கு. குளிரில் குந்தியிருந்து என் குமுறலைக் கேட்ட உங்கள் எல்லாருக்கும் நன்றி, வணக்கம்.