ஒட்ட ஒட்ட உடைந்த சுவர்

இரவு இரண்டு மணி. ஒரேபுகி ஊருக்குத் தெற்கே கடலோரச் சரளைப் பாதை. மழை நின்றுவிட்டது. காற்றுதான் நிற்கவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு விளக்கு கிடையாது... பால் ஏற்றும் டாங்கர் லாரியை டிப்போவில் விட்டுவிட்டு, ராஸ் தன் வண்டியில் தனியாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான்.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது கத்திச் சொல்லுகிற விஷயம் இல்லை. என்னோடு மர ஆலையில் வேலை பார்க்கிற கிளைவை உங்களுக்குத் தெரியுமே... அவனுடைய அக்கா புருஷன்தான் ராஸ்.

வீட்டு முன்கதவு ஆவென்று திறந்து கிடந்தது. நடையில் விளக்கு எரிந்தது. மனைவி ரேவின் போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றாள்.

“இப்படியா கதவைத் தள்ளுவே? சுவரைப் பாரு!”

“நான் இப்பத்தானே வண்டியை விட்டே இறங்குறேன்?”

கதவின் கைப்பிடி சுவருக்குள் புகுந்திருந்தது. உருண்டையாய் ஓர் ஓட்டை. தரையில் வெள்ளைத் தூள். நடை முழுக்க ஒரு வாடை... மழையில் நனைந்த கம்பளியின் வாடை.

காற்றுதான் என்றார்கள். வேறென்ன சொல்வார்கள்? அந்த வீட்டுக்குக் குடிவந்தே ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

எங்கள் வீடுகளின் லட்சணம் உங்களுக்குத் தெரியும். மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகை, அதுதான் சுவர். ஒரு குத்து விட்டால் ஓட்டை. அதனால்தான் ராஸுக்குப் பயம். நான்கு வருஷக் காத்திருப்புக்குப் பிறகு, வளர்ப்புப் பிள்ளையாக ஒரு சின்னப் பெண்ணைத் தருவதாகக் குழந்தைகள் அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். அதற்கு முன் வீட்டைப் பார்க்க ஆள் வரும். கதவோரம் முஷ்டி அளவு ஓட்டையைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

சனிக்கிழமை முழுக்க அதோடு மல்லுக்கட்டினான். ஓட்டையைச் சதுரமாக அறுத்தான். பின்னால் மரத்துண்டு கொடுத்தான். புதுப் பலகையை வெட்டித் திருகினான். காகித நாடா ஒட்டி, மேலே பசையை இழுத்து, காயவிட்டு, தேய்த்து... மறுபடி பூசி, மறுபடி தேய்த்து... தேநீரில் தூள். தலையணையில் தூள். கடைசியில் பெயிண்ட் அடித்தால் நிறம் சேரவில்லை. காயத்துக்குப் பிளாஸ்திரி போட்டதுபோல ஒரு சதுரம்.

திங்கள் இரவு... டம்!

பிறகு, பொரபொரவென்று தூள் உதிரும் சத்தம். அதே இடம். அதே வாடை.

மறுபடி அறுத்தான், ஒட்டினான், தேய்த்தான். இந்தத் தடவை தரையில் ரப்பர் தடுப்பும் முடுக்கினான். இனிக் கதவு சுவரைத் தொடவே முடியாது. அவனே தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தான். முடியவில்லை.

அன்று இரவும் டம். தடுப்பு ஒரு மயிரிழை நகரவில்லை. சுவரில் ஓட்டை.

பசைக் கரண்டியை வீசியெறிந்துவிட்டுக் கிளைவைக் கூப்பிட்டான்.

“மச்சான், போன தடவை எதை வச்சு ஒட்டினே? அக்கா சுட்ட ஸ்கோன் ரொட்டி மாவா?”

“வாயை மூடிக்கிட்டு அந்தத் திருகைப் பிடி.”

“அந்த ஸ்கோனா இருந்தா உடைஞ்சிருக்காதே...”

“கிளைவ்! எனக்கு இருக்கிற எரிச்சல்ல உன்னையும் சேர்த்துச் சுவத்துல ஒட்டிருவேன்!”

இரண்டு பேருமாக உள்ளே இரும்புத் தகடு வைத்து மூடினார்கள். கதவுக்கு மேலும் கீழும் தாழ்ப்பாள் போட்டார்கள். காலையில் பார்த்தால் தாழ்ப்பாள் போட்டது போட்டபடி. கதவு சாத்தியபடி. தகடு மட்டும் கிண்ணம்போலக் குழிந்து உள்ளே போயிருந்தது.

வெண்டி அன்றைக்கா வர வேண்டும்? குழந்தைகள் அலுவலகத்துப் பெண்மணி. நல்லவள்தான். ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு ராஸின் கையைப் பார்த்தாள். நாள் கணக்கில் உப்புத்தாளால் தேய்த்ததில் முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

“இது எப்படி ஆச்சு?”

“கதவு இடிச்சதுங்க.”

“கதவுக்குத் தடுப்பு இருக்கே?”

ராஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“அவசரமில்லை. நான் இன்னொரு நாள் வர்றேன்,” என்றாள் வெண்டி. போகும்போது ரேவினிடம் தன் எண்ணைத் தனியாகக் கொடுத்துவிட்டுப் போனாள். எந்த நேரமானாலும் கூப்பிடச் சொல்லி.

அன்று இருட்டியதும் ரேவின் கேட்டாள்.

“ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு, ராஸ். நீயா?”

அவன் திருப்புளியை எடுத்தான். கீல்களைக் கழற்றி, முன்கதவை முதுகில் தூக்கிக்கொண்டு போய் விறகுக் கொட்டகையில் சாய்த்துவிட்டு வந்தான்.

“இப்ப எதை வச்சு இடிக்கும்? சொல்லு, எதை வச்சு இடிக்கும்?” அழுகிற குரல்.

திறந்த வாசல் வழியே தெற்குக் காற்று வீட்டுக்குள் அலைந்தது. இருவரும் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார்கள். முதுகுக்கு முதுகு. எப்போது கண் அசந்தார்களோ...

டம்!

படுக்கையறைக் கதவு. அதன் கைப்பிடி, ரேவினின் தலைமாட்டுச் சுவரில். தூள் அவள் முகத்தில் உதிர்ந்தது. கை நீட்டி ராஸைத் தொட்டாள். அவன் பக்கத்தில்தான் படுத்திருந்தான். விறைத்துப்போய்.

“நீ இல்லை...” என்றாள் மெதுவாக.

நனைந்த கம்பளி வாடை மூச்சை அடைத்தது. வாசலில் யாரும் இல்லை. யாருமே இல்லை.

பிறகு கதவு நகர்ந்தது. அதுவரை அந்த வீட்டில் கதவு தானாகத் திறந்தது மட்டும்தான். அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சாத்திக்கொண்டது. மெதுவாக... தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாதென்று சாத்துவதுபோல. க்ளிக்.

கட்டிலின் கால்மாட்டில் மெத்தை அமுங்கியது.

ஜன்னலைத் தள்ளித் திறந்து, போட்டிருந்த துணியோடு குதித்தார்கள். செருப்பில்லாமல் வண்டிக்கு ஓடினார்கள். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. கோர் ஊரில் வேறு வீடு பார்த்தார்கள். வெண்டி அங்கே வந்து சுவர்களைத் தடவித் தடவிப் பார்த்தாள். அந்தச் சின்னப் பெண் இப்போது அவர்களோடுதான் இருக்கிறாள். ரேவின் அன்று கேட்ட கேள்விக்காக இன்னமும் ராஸிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம்.

சாமான்களை எடுத்துவரக் கிளைவ்தான் போனான். அந்த இரவுக்கு மறுநாள், பட்டப்பகல். நல்ல வெயில். பக்கத்து மேட்டில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவர்கள் திறந்துபோட்டுவிட்டு ஓடிய ஜன்னல்... மூடியிருந்தது. உள்ளே திரையும் இழுத்துவிட்டிருந்தது.

கண்ணாடியில் காதை வைத்தான்.

உள்ளே யாரோ குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள்.