கும்பிட்டுக் கொடுத்த கொடி

சுனாமி அடித்துச் சில மாதங்களில், வாழைச்சேனை பஸ்ஸில் அக்காவும் தங்கையுமாக இருவர் எனக்கு முன்னால் இருந்தார்கள். தங்கையின் மடியில் பச்சைக் குழந்தை. என் மடியிலும் ஒன்று இருந்ததால், ஒட்டுக்கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அவர்கள் பேச்சுக்குக் காதுகொடுத்தேன்.

“பிள்ளைட நச்சுக்கொடிய காம்பஸ்ல ஆராய்ச்சி செய்யிற பிள்ளையளுக்குக் குடுத்திட்டன்” என்றாள் தங்கை.

“என்னடி சொல்றாய்? வீட்டு வளவுக்குள்ள புதைக்கிறதயா? அம்மா அறிஞ்சா உன்னைத்தான் புதைப்பா.”

“வளவு எங்க இரிக்கி? கடல் கொண்டுபோயிற்றே.”

அக்கா தங்கையின் பக்கமாகத் திரும்பினாள்.

“அத வெச்சு என்ன செய்வாங்களாம்?”

“நாம மூச்சுல எடுக்கிற ஒட்சிசன்ல கொஞ்சம் உடம்புக்குள்ள கெட்டுப்போகுமாம். பயந்து, பட்டினி கிடந்தா இன்னும் கூடுமாம். பிள்ளைக்கு அதால பழுது வராமத் தணிக்கிற நொதியங்கள் கொடியிலயும் இரிக்காம். முகாம்ல கிடந்த தாய்மாருக்கு அது எப்படி வேலை செஞ்சிரிக்கி எண்டு பாக்கிறாங்க.”

“நீ பயந்த பயத்துக்கு அது பாவம், நல்லா உழைச்சிரிக்கும்.”

“ஓம் அக்கா. கடல் வந்த அண்டைக்கு நான் தென்னையில தொங்கக்குள்ள அதுவும் பிள்ளையப் பிடிச்சிக்கொண்டு தொங்கினதுதானே.”

“அப்ப சும்மாவா தூக்கிக் குடுத்தாய்?”

“கும்பிட்டுத்தான் குடுத்தன். ஆஸ்பத்திரி மிஸ்ஸி சிரிச்சா.”

அக்கா குழந்தையை வாங்கித் தன் மடியில் கிடத்தினாள்.

“நீ வாயத் திறக்காத. அம்மாட்ட நான் சொல்றன்.”