பெடலை மிதித்தது மாப்பிள்ளைதான்

பிரேக் ஆயில் ஈரம் குடிக்கும், சார். டப்பாவைத் திறந்து போட்டால் காற்றில் இருக்கும் ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். தெருவில் ஓட்டும்வரை ஒன்றும் தெரியாது. ரேஸ் டிராக்கில் வளைவுக்கு வளைவு ஓங்கி மிதிக்கும்போது பிரேக் பழுக்கச் சூடாகும், ஆயிலில் இருக்கும் ஈரம் ஆவியாகும், பெடல் சும்மா தரைவரை இறங்கிவிடும். அதனால்தான் டிராக்குக்குப் போகும் முன் புது ஆயில் மாற்றச் சொல்கிறோம்.

என் தங்கை கணவர் டிராக்கில் ஓட்டுவதற்காகக் காரை என் ஒர்க்‌ஷாப்பில்தான் விட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. நான் மெதுவாக ஓட்டுவேன் என்பதால் என்னைக் 'கட்டை வண்டி' என்பார். வீடே சிரிக்கும், தங்கையும் சேர்ந்து சிரிப்பாள். எனக்குப் பேசி முடித்த பெண்ணின் எதிரிலும் அப்படித்தான் கூப்பிட்டார். அவளும் சிரித்தாள். அந்தச் சம்பந்தத்தை நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான்.

பிரேக் டிஸ்க், பேட் எல்லாம் புதிதாகப் போட்டேன். ஆயிலை மட்டும் ஜன்னலோரம் மழைக்காலம் முழுக்க மூடியில்லாமல் கிடந்த டப்பாவிலிருந்து ஊற்றினேன். பிரேக் குழாயில் நிற்கும் காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும், ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் சக்கரத்தடியில் திருகைத் திறந்து மூட. அவர் உள்ளே உட்கார்ந்தார், நான் சக்கரத்தடியில் படுத்தேன்.

"மிதிங்க மாப்ள. அப்படியே பிடிங்க. ம், விடுங்க."

"கல்லு மாதிரி நிக்குது மச்சான். கட்டை வண்டிக்குக் கை மட்டும் நல்லா ஓடுது."

நானும் சிரித்தேன். அவர் சிரித்தால் எல்லாரும் சிரிக்க வேண்டும், அதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.

டிராக்குக்குத் தங்கையும் வருவாள் என்று நான் நினைக்கவில்லை. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"பிரேக்கெல்லாம் நீதானே பாத்த, அண்ணா?"

"நான்தான் பாத்தேன்."

"அப்ப எனக்கென்ன பயம்" என்று ஏறிக்கொண்டாள்.

இறங்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்று அவர் கேட்பார், கேலி செய்வார். விட்டுவிட்டேன்.

முதலில் பிரேக் நன்றாகவே பிடித்தது. பிறகு, நீண்ட நேர்ப்பாதை முடிகிற இடத்தில் பின்விளக்கு சிவப்பாக எரிந்தது, கார் வேகம் குறையாமல் சுவரில் போய் மோதியது. இருவருமே பிழைக்கவில்லை.

கூடப்பிறந்தவள்மேல் பாசமே இல்லையா என்று கேட்கிறீர்கள். பாசம் இல்லாமலா சார், அவள் ஏறி உட்கார்ந்ததும் சீட் பெல்ட்டை நானே மாட்டி, சரியாகப் பிடித்திருக்கிறதா என்று இழுத்தும் பார்த்தேன்?