ரெண்டாந்தரம் கேக்காத ஊரு

முதல்ல எனக்குக் குழி பறிச்சவன் பழனியாண்டிதான் சார். ரெண்டாவது அந்த ரூபா மேடம். மத்தவங்கெல்லாம் கை தட்டினவங்க, அவங்களை அப்புறமா கவனிச்சுக்கிறேன்.

நீங்க முதல்ல தண்ணி பிடிங்க சார். பவர் ஹவுஸுக்குப் புதுசா வந்தவருதானே? வைங்க பக்கெட்ட. எனக்கென்ன அவசரம், மேட்டு வீட்டுக்காரன்! கேனை நிரப்பணும், ஏறணும், குளிச்ச ஈரம் காயறதுக்குள்ள வேர்க்கணும், மறுபடி எறங்கணும்.

அந்தா, நீலப் பெயிண்ட் அடிச்ச தொட்டி தெரியுதா? மேல ஹிந்தியில என்னமோ எழுதியிருக்கு. எனக்கு எந்த எழுத்தும் தெரியாது. ஊர் மக்களே கட்டினதுன்னு எழுதியிருக்காம். அப்ப நான் யாரு? கப்பல்ல வந்த விருந்தாளியா?

போர்ட் பிளேர்லேருந்து ஒரு சங்கம் வந்துச்சு சார். சின்ன கிராண்ட்தான். "உங்களுக்கு என்ன வேணும்னு நீங்களே சொல்லுங்க, நீங்களே கட்டுங்க, நாங்க குறுக்க வரமாட்டோம்"னு சொன்னாங்க. ஒருத்தன் பஸ் ஸ்டாப்புக்குக் கூரை கேட்டான். ஒருத்தன் பூஜைக்கு மைக் செட்டு கேட்டான். நாக்கு வறண்டு கெடக்கையில மைக்ல என்னத்தப் பாடுறது? நான்தான் சார் தண்ணின்னு சொன்னேன்! மார்ச் வந்தா கெணறு காஞ்சு போகுது, மேல காட்டு ஓடையில தண்ணி சும்மா ஓடுது, பைப்பு போட்டுக் கொண்டாங்கடான்னேன். "சஹி பாத்", சரியான பேச்சுன்னு தலையாட்டினாங்க.

அப்புறம் தொட்டிக்கு எடம். ஊர்லயே உசரம் என் பாக்குத் தோட்டத்து மூலைதான். அங்க வெச்சா என் வீட்டுக்கும் வரும், எல்லா வீட்டுக்கும் தானா எறங்கும். பழனியாண்டி கமிட்டித் தலைவரு இல்லியா... எந்திரிச்சு, "அண்ணே, உங்க எடத்தத் தர்றீங்களா?"ன்னான்.

நீங்களே சொல்லுங்க சார். நாலு பேரு நடுவுல கேட்டா, உடனே இந்தா எடுத்துக்கன்னு சொல்லிருவானா மனுசன்? ஒரு மரியாதை வேணாம்? "அதெல்லாம் முடியாதுப்பா"ன்னேன். துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டேன். அவன் மறுபடி கேக்கணும். "நீங்க இல்லாம ஊரா அண்ணே"ன்னு கெஞ்சணும். நான் வெத்தலைய மடிச்சுக்கிட்டே யோசிக்கணும். பொம்பளைங்க பக்கத்துலேருந்து என் சம்சாரம் வேலாயி, "குடுத்துருங்க"ன்னு சொல்லணும். அப்புறம் நான், "சரி, ஊருக்காக"ன்னு எந்திரிக்கணும். அதானே சார் முறை?

சங்கத்துலேருந்து வந்த இந்த ரூபா மேடம் என்ன பண்ணுச்சு தெரியுமா? "யாரையும் வற்புறுத்தக் கூடாது. அண்ணன் மனசுல பட்டதச் சொல்லிட்டாரு, அத மதிப்போம்"னு தமிழ்ல சொல்லி, ஹிந்தியிலயும் சொல்லி, கை தட்டுச்சு. ஊரே தட்டுச்சு சார்! முடியாதுன்னு சொன்னவனுக்குக் கைதட்டு எங்கயாச்சும் கேட்டிருக்கீங்களா? கை தட்டி முடியல, பெங்காலிக்காரர் பிஸ்வாஸ் எந்திரிச்சு, கீழ இருக்குற தன் எடத்தக் குடுத்துட்டாரு. ஒரே வார்த்தை! கேட்ட ஒடனே குடுத்துட்டாரு, வெக்கங்கெட்ட மனுசன்!

அந்தப் பொண்ணு போர்ட் பிளேர்ல டெலானிபூர் குவார்ட்டர்ஸ்ல பொறந்து வளந்தது, நம்ம மொறை தெரியாது, போகட்டும். பழனியாண்டிக்குத் தெரியாதா? என் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "சாப்பாடு வேணாம்ணே, இப்பத்தான் தின்னேன்"ம்பான். பசி மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கும். விட்டுருவனா நான்? கையப் பிடிச்சு இழுத்து உக்கார வெச்சு, மீன் கொழம்ப ஊத்துவேன். எத்தனை வருசம்! அவன் வேணாம் வேணாங்க, நான் மறுபடி மறுபடி கேட்டதெல்லாம் அவன் எனக்குத் திருப்பித் தரவேண்டிய கடன் சார். ஒண்ணே ஒண்ணு தந்தானா?

நானும் விட்டுக் குடுத்துப் பாத்தேன். அஸ்திவாரம் தோண்டுறப்ப தெனம் அந்தப் பக்கமா நடந்தேன். நின்னு செருமினேன். "நமஸ்தே அண்ணா"ன்னாங்க. அம்புட்டுத்தான்.

இப்ப தொட்டி கீழ, என் வீடு மேல. தண்ணிக்கு ஏறத் தெரியாதாம். வேலாயி சொமந்து சொமந்து முட்டி வீங்கிப் படுத்துட்டா. சண்டை கூடப் போடுறதில்ல சார். காலையில காலிக் கேனை வாசல்ல தள்ளி வெச்சுட்டுத் திரும்பிப் படுத்துக்கிறா. அது சண்டையவிட மோசம்...

அட, என் கேனும் நெறஞ்சிருச்சே. என்ன சார் இது, என் கேனையா தூக்குறீங்க? மேடு வரைக்குமா? வேண்டாம் சார், வேண்டாம்! ஆபீசுக்குப் போற மனுசன், சட்டை நனைஞ்சிரும். நானே பாத்துக்கிறேன். ம்ஹூம், வேண்டவே வேண்டாம்...

என்ன சார், கீழ வெச்சுட்டீங்க?

சார்... சார்! உங்க பக்கெட்ட மட்டும் எடுத்துக்கிட்டு...

போறாரே! அடேயப்பா, என்ன மரியாதை! இன்னொரு தடவை கேட்டா வாய் வலிக்குமாக்கும்? சரி, போங்க. பழனியாண்டி ஒண்ணு, ரூபா மேடம் ரெண்டு... பவர் ஹவுஸ்காரரே, நீங்க மூணாவது.