போன வாரம் பக்கத்து நாற்காலியில் இருந்தவர்

பிள்ளைகளே, நேற்று லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறினேன். பக்கத்தில் நின்ற பெண் தன் தோழியிடம் சொன்னது காதில் விழுந்தது.

"போன வாரம் என்கூட இன்டர்வியூவுக்குக் காத்திருந்தாரே, அவர்தான்டி இன்னைக்கு என்னை இன்டர்வியூ பண்ணாரு."

"எப்படி லா?"

"கம்பெனி வேகமா வளருதாம். அவரை எடுத்த மறுநாளே ஆள் எடுக்க உக்கார வச்சுட்டாங்க. என்ன கேக்கணும்னு தெரியாம, போன வாரம் எங்களைக் கேட்டதையே கேட்டாரு."

"வேலை குடுத்துட்டாரா? பழைய வேலையை வேற விட்டுட்டியே."

"முடிவு அவர் கையில இல்லையாம். இன்னொரு ரவுண்டு வரணுமாம்."

"அதுல யாரு கேப்பா?"

"அதான் புரியல. இன்னைக்கு வெளியில ஒரு பொண்ணு இன்டர்வியூவுக்குக் காத்திருந்தா. எதுக்கும் இருக்கட்டும்னு அவளைப் பார்த்து நல்லா சிரிச்சுட்டு வந்தேன்."