ஞானம்மா வீட்டுக் குழாய்

கும்மிடிப்பூண்டி தண்ணீருக்கு இரும்புக் குழாய் ரொம்ப நாள் தாங்காது ஐயா. போர் தண்ணீரில் உப்பு. வெளியே பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருக்கும், வெட்டிப் பார்த்தால் உள்ளே துரு அடைத்துக்கொண்டு சுண்டுவிரல்கூட நுழையாது. அதனால்தான் எல்லோரும் பிளாஸ்டிக் குழாய்க்கு மாறிவிட்டார்கள். நல்லதுதான். என் பிழைப்பும் அதில்தான் ஓடுகிறது.

என் பெயர் தேசப்பன். நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஞானம்மா வீட்டில் நடந்ததை நீங்கள் விபத்து என்று எழுதி முடித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதில் ஒரு தவறு இருக்கிறது. அதைத் திருத்திக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். போகலாம் என்று சொல்வது ஒரு பேச்சுக்கு. எங்கே போகப்போகிறேன்.

ஞானம்மா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்காரர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் கிடையாது. கீழே அவர் இருந்தார். மாடியில் ஓர் அறை, அதை ஒட்டி ஒரு பாத்ரூம். முதல் முறை சமையலறைக் குழாயைப் பார்க்கத்தான் என்னைக் கூப்பிட்டார். வேலை முடிந்து சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து தட்டு வைக்கிற சத்தம் கேட்டது.

"கை கழுவிகினு உக்காரு நைனா. ஊட்டுக்கு வந்து வேல செஞ்ச புள்ள பசியோட போவக் கூடாது."

என்னைப் பெற்றவள் நான் நடக்கப் பழகுவதற்கு முன்பே போய்விட்டாள். சித்திதான் வளர்த்தாள். குறை சொல்ல மாட்டேன், சோறு போட்டாள். ஆனால் உட்கார் என்று சொல்லிப் போட்டதில்லை. அன்று நான் சாப்பிட்டது கத்தரிக்காய் காரக்குழம்பு. ஞானம்மா எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து எனக்கு அவர் அம்மாதான்.

ஒளிக்காமல் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் நான் எந்த வேலையையும் முழுசாக முடித்ததில்லை. ஒரு ஜாயின்ட்டைக் கொஞ்சம் தளர்வாக விடுவேன், அல்லது பழைய வாஷரையே திருப்பிப் போடுவேன். அடுத்த வாரம் சொட்டும். அம்மா போன் செய்வார். அதை ஏமாற்று வேலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அதற்கெல்லாம் நான் கூலி வாங்கியதில்லை. அம்மாவைப் பார்க்கப் போவதற்கு மகனுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். என் மனைவி ரோஜா மட்டும் ஒருநாள் கேட்டாள்.

"அது எப்டியா அந்தம்மா ஊட்டுல மட்டும் ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம பைப்பு ஒழுவுது?"

பழைய குழாய் அப்படித்தான் என்று சொன்னேன். அவளும் விட்டுவிட்டாள்.

இப்படியே சில வருஷங்கள் போயின. பிறகு ஹேமாவதி மாடிக்குக் குடிவந்தாள். பழவேற்காடு பக்கம் மீன்பிடிக்கிற குடும்பத்துப் பெண். இங்கே ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து வந்தவள். நல்ல பெண் ஐயா. இதை நான் மனதாரச் சொல்கிறேன். வாடகைக்கு இருப்பவள்போல இருக்கவில்லை. ஊருக்குப் போய்த் திரும்பினால் நண்டு, இறால் என்று கொண்டுவருவாள். அம்மாவுக்கு முட்டிவலி, அதனால் மாவு அரைப்பது, மருந்து வாங்குவது எல்லாம் அவள் கைக்குப் போனது. சாமி கும்பிடுகிற வீட்டுப் பெண், ஆனால் ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கைபிடித்துச் சர்ச்சுக்கு அழைத்துப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பாள். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. நான் சொட்ட வைத்திருந்த குழாய் அது, சொட்டாமல் இருக்க வழியில்லை. நானாகவே போனேன். குழாய் காய்ந்து கிடந்தது.

அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். "நம்ம ஹேமா போன்ல வீடியோவ பாத்துகினே வாஷர மாத்திட்டா நைனா. உனக்கு இன்னாத்துக்கு சும்மா சும்மா தொல்ல?"

தொல்லை என்ற சொல்லை அவர் வேறு அர்த்தத்தில்தான் சொன்னார், எனக்குத் தெரியும். அன்றைக்கும் சாப்பிடச் சொன்னார். ஹேமாவதிதான் பரிமாறினாள். அம்மா என் எதிரே உட்காரவில்லை. அவளிடம், "நீயும் ஒரு வாய் சாப்புடுமா, காலைலேந்து நின்னுகினே கீற" என்று சொல்லிக்கொண்டு சமையலறை வாசலிலேயே நின்றார்.

பிறகு அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஹேமாவதி ஆட்டோ பிடித்துப் பொன்னேரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, கூடவே இருந்து, குணமாக்கி அழைத்துவந்தாள். எனக்கு அது டீக்கடையில் தெரிந்தது. அடுப்புக்கு முன்னால் நின்றவர் யாரோ, "ஞானம்மா பொழச்சிகிச்சி, அந்தப் பொண்ணு இல்லாங்காட்டி அவ்ளோதான்" என்றார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினேன். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ வேலையா இருப்பன்னு சொல்லல நைனா," என்றார் அம்மா. "பொண்ணுதான் கூட இருந்தாளே."

அந்தப் பெண் என்று சொல்லவில்லை. பெண் என்று சொன்னார். அன்று நான் கோபப்படவில்லை ஐயா. எனக்குச் சட்டென்று கோபம் வராது. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் படுத்தேன்.

கோடைக்காலத்தில் அந்த வீட்டில் தண்ணீர் பழுப்பாக வர ஆரம்பித்தது. அதில் என் கைவேலை எதுவும் இல்லை, உண்மையிலேயே இரும்புக் குழாய்க்கு ஆயுசு முடிந்திருந்தது. ஹேமாவதிதான் அந்த யோசனையைச் சொன்னாள்.

"மொத்தமா பிளாஸ்டிக் லைனு போட்டுறலாம்மா. பாவம், அண்ணனும் எத்தினி தடவதான் வந்து வந்து பாப்பாரு."

எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னாள். அம்மா தலையாட்டினார். நானும் சரி என்றேன்.

இனி கொஞ்சம் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். பழைய வீடுகள் பலவற்றில் எர்த்துக்கென்று தனியாகக் குழி தோண்டியிருக்க மாட்டார்கள். மண்ணுக்குள் போகிற இரும்புத் தண்ணீர்க் குழாயிலேயே எர்த் கம்பியைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். ஹீட்டரில் கரன்ட் கசிந்தால் அது குழாய் வழியாக மண்ணுக்குப் போய்விடும், ஆள் தப்பித்துக்கொள்வார். குழாயை வெட்டி எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் போட்டால் கரன்ட் போக வழியில்லை, உப்புத் தண்ணீரோடு குழாய் முனைவரை வந்து, தொடுகிறவர் உடம்பு வழியாகத்தான் இறங்கும். அதனால் இரும்பை எடுக்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள் என்று வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். நான் எல்லா வீட்டிலும் சொல்வேன். என் வேலையில் அதுவரை யாருக்கும் ஒரு ஷாக் அடித்ததில்லை.

ஞானம்மா வீட்டிலும் எர்த் கம்பி அப்படித்தான் இருந்தது. மாடி பாத்ரூமில் மட்டும் ஒரு பழைய ஹீட்டர். அம்மா அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொள்வார், அவருக்கு ஹீட்டர் பழக்கம் இல்லை. வேலையை ஆரம்பித்த அன்று காலை ஹேமாவதி என்னிடம் வந்து நின்றாள்.

"அண்ணா, ஹீட்டர் போட்டுட்டு குழாய தொட்டா லேசா சுருக்குன்னுது. எலக்ட்ரீஷியன வரச் சொல்லட்டா?"

ஹீட்டரில் கசிவு இருக்கிறது என்று அதைக் கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. இரும்புக் குழாய் துருப்பிடித்த நிலையிலும் முக்கால்வாசி கரன்ட்டை மண்ணுக்கு இழுத்துக்கொண்டிருந்தது, மிச்சம்தான் அவள் விரலில் சுருக்கென்றது. நான் சுவரைப் பார்த்தபடி பதில் சொன்னேன்.

"பழைய பைப்புமா, அப்டித்தான் இருக்கும். புது லைனு போட்டா சரியாப் பூடும்."

"நீங்க சொன்னா சரிண்ணா" என்று கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனாள்.

நான் இரும்புக் குழாயை வெட்டினேன். அதில் சுற்றியிருந்த கம்பியை அவிழ்த்தேன். புதுக் குழாய் போட்ட பிறகு அந்தக் கம்பியை வளைத்து, குழாய்க்குப் பின்னால் வெளியே தெரியாதபடி செருகி வைத்தேன். தூக்கிப் போடவில்லை, செருகித்தான் வைத்தேன். யாராவது தேடியிருந்தால் கிடைத்திருக்கும். பாத்ரூமில் நல்ல பித்தளைக் குழாயாகப் போட்டேன். அந்த வீட்டில் முதல் முறையாக ஒரு வேலையை முழுசாக முடித்தேன். அம்மா கீழ்வீடு முழுக்க நடந்து, ஒவ்வொரு ஜாயின்ட்டையும் கையால் தடவிப் பார்த்தார்.

"ஒரு சொட்டு ஒழுவல நைனா. இனிமே உனக்கு இங்க வேலையே இல்ல."

பாராட்டித்தான் சொன்னார்.

கோடையில் அந்தப் பெண் பச்சைத் தண்ணீரிலேயே குளித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இடையில் நான் பல முறை அந்த வீட்டுக்குப் போனேன், இப்போது சாக்கு எதுவும் இல்லாமல். ஹேமாவதி மீனில் நடுத்துண்டாகப் பார்த்து எனக்கு வைப்பாள். இதை நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் நானே சொல்கிறேன். எப்போது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அம்மா, ஹீட்டர் போட வேண்டாம், ஒரு கம்பியைக் கட்ட மறந்துவிட்டேன் என்றால் போதும். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். ஒவ்வொரு முறையும் நான் கேட்டைத் திறக்கும்போது அவர்கள் இரண்டு பேரும் உள்ளே எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மழைக்காலம் வந்தது.

நடந்ததை ஹேமாவதி உங்களிடம் சொல்லியிருப்பாள். கம்பெனிக்குக் கிளம்புவதற்காக ஹீட்டரைப் போட்டுக் குளிக்கப் போனவள் குழாயைப் பிடித்ததும் கத்தியிருக்கிறாள். அம்மா கீழே ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தவர் படியேறி ஓடியிருக்கிறார். அந்த முட்டியை வைத்துக்கொண்டு ஐயா. புது லைன் போட்டபோது மாடிக்கு வந்து என் வேலையைப் பாருங்கள் என்று எவ்வளவோ கூப்பிட்டேன். கால் தூக்க முடியவில்லை என்று வரவில்லை. கதவு பழசு, ஒரு தள்ளில் தாழ்ப்பாள் விட்டுவிட்டது. வாழ்நாள் பூராவும் நர்ஸ் வேலை பார்த்தவர். ஷாக் அடித்தவரைக் கையால் தொடக் கூடாது, முதலில் மெயினை அணைக்க வேண்டும் என்று எனக்கே ஒருமுறை புத்தி சொன்னவர். அந்தப் பெண்ணைப் பார்த்ததும் அத்தனையும் மறந்து போயிருக்கிறது.

"என்ன புடிச்சி இழுத்து வெளிய தள்ளிட்டாங்கண்ணா," என்றாள் ஹேமாவதி, ஆஸ்பத்திரி வராந்தாவில். அவள் உள்ளங்கையில் கட்டுப் போட்டிருந்தது. "ஈரத்துல கால் வழுக்கி அவங்க கை குழாய் மேல பட்டுச்சி. அப்புறம் அந்தக் கை வரல."

நான் அவளைத் தோளில் தட்டிக்கொடுத்தேன். அம்மா அந்தக் குழாயைத் தொடுவார் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். அது அவருக்காக வைத்தது இல்லை.

அடக்கத்தன்று சவப்பெட்டியின் தலைமாட்டில் ஹேமாவதியை உட்கார வைத்தார்கள். பெற்ற பெண்ணுக்குக்கூட யார் இப்படிச் செய்வார்கள் என்று பெண்கள் அழுதார்கள். பாஸ்டர் பிரசங்கத்தில் இரண்டு முறை அவள் பெயரைச் சொன்னார். நான் கூட்டத்தோடு நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். அழுவதற்குத் துணையாக வருகிறாள் என்று நினைத்தேன்.

"தேசப்பா, டேங்குல தண்ணி இல்ல. கொஞ்சம் இன்னான்னு பாரேன்."

பார்த்தேன். வால்வு மூடியிருந்தது, திறந்துவிட்டேன்.

அப்புறம் ஹேமாவதி என் வீட்டுக்கே வந்தாள். ரோஜாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அம்மாவ கொன்னது நான்தாங்க்கா. நான் கத்தாம இருந்திருந்தா அவங்க ஏறியே வந்திருக்க மாட்டாங்க" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். ரோஜா அவள் தலையைத் தடவிக்கொண்டே அழுதாள். அந்தத் தெருவில் போகிறவர் வருகிறவரிடமும் அவள் இதையேதான் சொல்கிறாளாம். எல்லோரும் அவளை அணைத்துக்கொண்டு, அம்மா உனக்காகத்தான் உயிரைக் கொடுத்தார் என்கிறார்கள்.

நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை.

இப்போது ஏன் வந்து சொல்கிறாய் என்று முதலிலேயே கேட்டீர்கள். மனசாட்சி என்று எழுதுவதானால் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெண்மேல் இரக்கம் என்று எழுதினாலும் சரி. செய்யாத ஒன்றை அவள் தன் தலையில் போட்டுக்கொண்டு திரிகிறாள், அது நியாயம் இல்லை. கம்பியை அவிழ்த்தவன் நான். அது எதற்கென்று தெரிந்து, கேட்டவளிடம் பொய் சொன்னவன் நான். மழை வரும்வரை அந்த வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு காத்திருந்தவனும் நான்தான். ஹேமாவதிக்கு இதில் எந்தப் பங்கும் கிடையாது. அவள் நேற்று வந்தவள்.

எழுதியதை ஒரு தடவை படித்துக் காட்டுங்கள் ஐயா. சாவுக்குக் காரணம் என்கிற இடத்தில் அவள் பெயர் வந்திருந்தால் அடித்துவிடுங்கள். அம்மா செத்தது என்னால். என்னால் மட்டும்தான்.